வாஸ்கோவின் தோளுக்கு

ஹலோ... ஹலோ, இவானோ? நான்தான்டா, வாஸ்கோ... ஆமா, வந்து சேந்துட்டேன். போட்டி நடக்குற மைதானத்துலதான் நிக்கிறேன்... பத்திரமா இருக்கு. ஐயா சாமி, உன் துப்பாக்கி பத்திரமா இருக்கு! ... ஆமா, ஆமா, ரெண்டாக் கழட்டி, பெட்டியில வெச்சு, பூட்டி, டிக்கியிலதான் கொண்டாந்தேன்... தோட்டா தனியாத்தான். என்னை என்ன பச்சப் புள்ளைன்னு நெனச்சியா?

என்னது, காபியா? எங்கடா குடிச்சேன்! வழி பூரா கடை இருந்துச்சு, ஒண்ணுலயும் எறங்கல. உன் துப்பாக்கிய வண்டியில தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுல்ல... அட, தூக்கிட்டுப் போயி அந்தக் கடைக்காரப் பொம்பளை முன்னாடி வெச்சா, காபி குடுப்பாளா, போலீசைக் கூப்பிடுவாளா?

சிரிக்காத, சிரிக்காத... பாரு, இருமல் வந்துடுச்சு... மெதுவா... ஒர்னெல்லா எங்க? பொண்டாட்டிகிட்ட தண்ணி கேளுடா... நான் இருக்கேன், வெக்கல...

ம்... இப்ப பரவால்லயா?

இல்ல, மழை விட்டுடுச்சு. காத்தும் இல்ல, சுடுறதுக்கு வீசுற மண் தட்டு நேராத்தான் பறக்குது. அது கெடக்கட்டும். உன்னை ஒண்ணு கேக்கணும்.

இப்பத்தான் துப்பாக்கிய மாட்டித் தோள்ல வெச்சுப் பாத்தேன்... இவானோ, அது எனக்குப் பொருந்துது.

என்ன 'நல்லதுதானே'? எப்படிடா பொருந்தும்? நீ ஒட்டகச்சிவிங்கி, நான் குள்ளன். 'என்னுதைத் தொடாதடா, தோள்ல வெக்கிற கட்டை நீளம், உன் பல்லு கொட்டிடும்'னு காலம்பூரா கிண்டல் பண்ணவன் நீதானே? இப்ப கன்னத்துல வெச்சதும் கண்ணு நேரா குழாய் முனையில போய் நிக்குது. என் சொந்தத் துப்பாக்கிகூட இப்படி உக்காந்ததில்ல...

பொய் சொல்லாத. அந்தத் துப்பாக்கி ரிப்பேர்க்காரன் பாரிதே சும்மா எண்ணெய் போட்டானா? எண்ணெய் போட்டா கட்டை குட்டையாயிடுமா? அடியில புதுசா அறுத்திருக்கு, தேச்சு மெருகு போட்டிருக்கு. தடவிப் பாத்தேன்டா.

...ஈஸ்டர் அன்னிக்கா? ... அட பாவி. அந்தத் தொடப்பக்கட்டை! ஆட்டுக்கறி தின்னுட்டு எந்திரிச்சதும் என் தோள்ல தொடப்பத்தை வெச்சு, 'சுடுடா வாஸ்கோ, சுடுடா'ன்னு கூத்தடிச்சியே... நானும் கோமாளி மாதிரி சமையக்கட்டு விளக்கைக் குறி பாத்தேன். பாரிதே கையில நூல வெச்சுக்கிட்டு நின்னான். கேக்கு டப்பாவைக் கட்டுறதுக்குன்னான். அளவெடுத்திருக்கீங்க, ரெண்டு திருட்டுப் பசங்களும்.

...இல்ல, கோவம் இல்ல.

கோவம்தான்டா! நீ எந்திரிச்சு வந்தா எதை வெச்சுச் சுடுவ? அறுத்துட்டியே! இது உன் தோளுக்கு எட்டாதே இனிமே!

என் துப்பாக்கியில தோட்டாவைத் தட்டுற ஊசி ஒடஞ்சு, நான் வந்து உங்கிட்ட கேக்கலேன்னா, எப்ப சொல்றதா இருந்த? ... ஒர்னெல்லா குடுத்திருப்பாளா? எப்ப குடுத்திருப்பா? ... அப்புறம்னா எப்படா? எதுக்கு அப்புறம்?

...ம்... ம்... டாக்டர் அப்படியா சொன்னாரு... ஈஸ்டருக்கு முன்னாடியேவா? ... எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?

அழல. மூக்கு ஒழுகுது, குளுரு.

...இருங்க, வந்துட்டேன்! ... உன்னை இல்லடா, இங்க என் பேரைக் கூப்புடுறாங்க... போறேன், போறேன். நல்லாச் சுடுறேன்... ஆமா, முதல் தட்டு உனக்கு.

கேளு, திங்கக்கிழமை கொண்டாந்து குடுத்துடுவேன்... என்ன 'வேண்டாம்'? மூணு நாள் இரவல்னுதானே வாங்கினேன், அதுக்கு மேல அடுத்தவன் துப்பாக்கிய வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டமும் இருக்குல்ல? நான் கொண்டாருவேன், நீ பெட்டியத் தொறந்து, சரியாத் தொடைக்கலைன்னு என்னைத் திட்டணும்... வெச்சுக்கோன்னு சொல்லாத. எங்கிட்ட அப்படிச் சொல்லாத, இவானோ. இரவல்னு சொல்லு.

ஒரு தடவை சொல்லுடா. இரவல்னு...

இவானோ?

...வெச்சுட்டியா?