இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை

முதல் தடவை தெரியாமல்தான் நடந்தது. கீரனூரில் என் டிவி ரிப்பேர் கடையில், போனையே ரிமோட்டாக்கி ஒரு டிவியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிக்சர் சைஸ் பொத்தானை எத்தனை முறை அமுக்கியும் அந்த டிவியில் படம் அசையவில்லை. அசைந்தது, சந்துக்கு எதிரே ஜன்னல் வழியாகத் தெரிந்த அமுதவல்லி டீச்சர் வீட்டு டிவி. இரண்டும் ஒரே கம்பெனி. என் கைராசி எப்போதும் அடுத்தவர் வீட்டில்தான் வேலை செய்யும்.

"குணசேகரா, கொஞ்சம் இங்கிட்டு வாயேன். செய்தி வாசிக்கிற பிள்ளைக்குப் பாதித் தலையக் காணோம்."

டீச்சர் ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை, மகன் சரவணக்குமார் துபாயில். போய்ச் சரிசெய்தேன். காப்பி கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டார். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கடைக்கு வரும் டிவிகள் ஊமையாக வரும். பேச்சு வந்ததும் வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்த வாரம் தெரிந்தே அமுக்கினேன்.

ஒரு நாள் படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. இன்னொரு நாள் ஆட்களெல்லாம் இழுபட்டுக் குட்டையாக. "எல்லாரும் கல்யாணச் சாப்பாட்ட ஒரு கட்டு கட்டுன மாதிரியில்ல இருக்காங்க" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். சில நாள், சந்தில் நடந்து அவர் வீட்டை அடைவதற்குள் நானே பழையபடி ஆக்கிவிடுவேன். "இப்பத்தானே பட்டை இருந்துச்சு" என்று முழிப்பார். அப்படிக் குழம்பிய நாட்களில், காப்பி குடித்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்வார். ஆகவே அந்த வகையைக் கூட்டினேன்.

மகன் லீவில் வந்தபோது பொத்தானைத் தொடவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டு. சரவணக்குமார் கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, அம்மா சொல்றது நெசமா? டிவி நல்லாத்தானே இருக்கு?"

"டிவி நல்லாத்தான் இருக்கு தம்பி. வயசாகுதுல்ல."

இதில் எந்த வார்த்தை பொய்?

கண்ணில் குறையில்லை என்றார் கண் டாக்டர். அப்படியானால் தலையில்தான் என்று முடிவாயிற்று. மாத்திரை வந்தது, பகலெல்லாம் தூக்கம். தனியாகப் பஸ் ஏறித் திருச்சி போய்வந்தவர், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தார். "நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று என்னைக் கூப்பிடுவார். போய்ப் பார்த்துச் சொல்வேன். எனக்கு அந்த நாட்கள் நன்றாகவே போயின.

போன ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. திருச்சியில் முதியோர் இல்லம் ஏற்பாடாகியிருந்தது. இந்த விஷயத்தை உங்களுக்கு முன்னால் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். பெட்டியோடு சரவணக்குமார் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து, டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனை நீட்டி அமுக்கியும் காட்டினேன். பட்டை வந்தது, போனது. மனசு லேசாகிவிட்டது.

"கோவமா டீச்சர்?"

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா வந்திருந்தாலும் காப்பி குடுத்திருப்பேனே, குணசேகரா. இப்ப இதெல்லாம் நீ நெசமாச் சொன்னியா, எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சான்னு தெரியல. அவன் உள்ள வந்ததும், அவன் முன்னாடி இன்னொரு தடவை சொல்லு."