பேர் எழுதாத பத்திரம்

இல்லக்கா, முப்பத்தொண்ணு எங்க நம்பரு. உள்ள போயிருச்சு. உங்களது அடுத்ததா? அப்ப உக்காருங்க. இந்த வாங்குப் பலகைக்கு ஒரு காலு கட்ட, அந்தப் பக்கம் சாயாதீங்க.

குளுரெல்லாம் இல்லக்கா. புசல்லாவையில நாங்க பாக்காத குளுரா இந்தக் கண்டியில. சும்மாதான் முந்தானைய இழுத்துப் போத்தியிருக்கேன். உள்ள நிக்கிறது எங்க வூட்டுக்காரரு. அந்தா தூணுகிட்ட நிக்கிறாளே, நீலப் பாவாட, அது மவ. பதினோரு வயசு. ஆமா, நல்ல வளத்தி.

இருங்க... இல்ல, இன்னம் பேரு ஊருதான் கேக்குறாங்க. அந்தக் கதவு சரியா சாத்தல, அதான் இங்கன வந்து உக்காந்தேன். விசாரிக்கிற ஐயா இங்கிலீசுல கேக்குறாரு, இன்னொருத்தரு தமிழ்ல சொல்றாரு. தமிழு நல்லா கேக்குது.

உங்க வூட்டுல யாருமே அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போகலயா? குடுத்து வச்சவங்க. எங்களுக்கு அதான்க்கா வென. நாப்பத்தஞ்சு முடியிற வரைக்கும் ஏழு வருசம் விட்டுப் போகாம இந்த நாட்டுலயே இருந்திருக்கணுமாம். ஒரு வருசத்துக்கு மேல அங்க தங்கிட்டா பைலையே மூடிருவாங்களாம். பிரஜாவுரிமை கெடையாது. அவருக்கில்லன்னா எனக்குமில்ல, அவளுக்குமில்ல. நான் பொறந்தது இந்த மண்ணுல. எங்காத்தாளப் பொதச்சது ஆறாம் நம்பர் மலைக்குக் கீழ. நான் எந்த ஊருக்குப் போறது, சொல்லுங்க.

அவரு போனாருக்கா. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க ஹுன்னஸ்கிரியப் பக்கம், நாள பின்ன பாக்கவா போறோம். யுத்தக் காலத்துல, அவங்கய்யாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னு கடுதாசி வந்துச்சு. பதினஞ்சு நாளுல வந்துர்றேன்னு தலைமன்னாருல கப்பலேறுனாரு. திரும்பி வர பெர்மிட் குடுக்கல. ரெண்டு வருசம். ரெண்டு வருசமும் நான் ஒத்தையில அந்த லயத்துக் காம்பரா வூட்டுல.

ஒரு வாரமா தலபாடா அடிச்சுக்கிட்டேன், போகவே இல்லன்னு சொல்லிருங்கன்னு. பொய்யே வராதுக்கா அந்த மனுசனுக்கு. ஒருக்கா தேயில கவ்வாத்து வெட்டுற கத்தியத் தொலைச்சிட்டாரு. யாரும் கேக்கல, இவரா தொர பங்களாவுக்குப் போயி, தொலைச்சது நாந்தாங்கன்னு சொல்லிட்டு வர்றாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல.

வேலைக்கு வந்த நாளு போட்ட பழைய செக்ரோலுப் பொஸ்தகம் எல்லாத்தையும் கறையான் தின்னிருச்சு. அது ஒண்ணுதான் நம்ம அதிஸ்டம், இல்லாட்டி அந்த ரெண்டு வருசம் இவரு பேரே இல்லாதது தெரிஞ்சிரும். அதுக்குப் பதிலா என்னத்தக் காட்டுறதுன்னு யூனியன் ஆபீசு முத்துலிங்கம் எங்க ட்ரங்குப் பொட்டியக் கொடஞ்சாரு. புதுசா வந்தவரு, பழைய கத ஒண்ணும் தெரியாது. மவளோட பொறந்த பத்திரத்த எடுத்தாரு. நாப்பத்துநாலு, மாசி மாசம். புள்ள பேரு எழுதுற எடத்துல வெறும் கோடு. அதனால என்ன, அப்பன் பேரு இருக்கு, தோட்டத்துப் பேரு இருக்கு, புள்ள இங்க பொறந்திருக்கையில அப்பன் எங்க போயிருப்பான்னு சிரிச்சாரு. பைலுல எல்லாத்துக்கும் மேல வச்சுட்டாரு.

வேணாங்கன்னேன். ஏன்னாரு. நான் பொட்டிய மூடி வச்சேன். இவரும் பக்கத்துலதான் நின்னாரு, கூரையப் பாத்துக்கிட்டு.

சும்மா இருங்கக்கா, கேக்குறாங்க. நாப்பத்திமூணுல எங்க இருந்தேன்னு கேக்குறாங்க.

வாயத் தொறங்களேன்யா. உங்க கையக் குடுங்கக்கா.

பத்திரத்த எடுத்துட்டாங்க போல. இந்தப் புள்ள உன் புள்ளதானான்னு கேக்குறாங்க.

என் புள்ளதாங்கன்னு சொல்லிட்டாரு. அப்ப நான் தோட்டத்துலதாங்க இருந்தேன், எங்கயும் போகலன்னு சொல்றாரு. கணீர்னு சொல்றாருக்கா, கேட்டுச்சா உங்களுக்கு? கடிதம் வரும், போகலாம்ங்கறாங்க. பைலத் தூக்கி ஓரமா வச்சிட்டாங்க.

அழல. சந்தோசந்தான். அந்த மனுசன் சொல்லி நான் கேட்ட மொதப் பொய்யி.

ஒண்ணுதான்க்கா பொய்யி. எங்கயும் போகலன்னாரே, அது. மத்தது பொய்யில்ல. ரெண்டு வருசம் கழிச்சு அவரு வந்து எறங்கயில மவ தொட்டில்ல கெடந்தா. மூணு மாசம். நான் அடுப்படிய விட்டு வெளிய வரல. மூணு நாளு அவரு வூட்டுல கை நனைக்கல. நாலாம் நாளு அவரே தொட்டில்ல இருந்து தூக்கி, இதுக்குப் பேரு என்னான்னு கேட்டாரு. இன்னம் வைக்கலன்னேன்.

அவருதான் வச்சாரு, இராஜகுமாரின்னு. எந்திரிங்கக்கா, உங்க நம்பரக் கூப்புடுறாங்க.