கைபடாத காசு

செம்புக் காசைத் துடைக்கக் கூடாது சார். பாத்திரம் துலக்குகிற மாதிரி தேய்த்துக் கொண்டுவந்து, "எப்படி மின்னுது பாருங்க" என்பார்கள். வயிறு எரியும். இருநூறு வருஷம் காற்று பட்டு ஏறின பழுப்பை ஐந்து நிமிஷத்தில் கழுவிவிட்டு, அதற்குப் பாராட்டு வேறு எதிர்பார்ப்பார்கள்.

அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. முப்பத்தொரு வருஷமாகப் பழங்காசுகளுக்குத் தரம் பார்க்கிறேன். காசை விளிம்பில் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்தால், கைபடாத காசில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். தேய்த்த காசு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அசடு வழியும். தேய்த்ததை மறைக்க மருந்து போட்டுப் பழுப்பாக்கியிருந்தால், எழுத்துகளின் இடுக்கில் நிறம் திட்டாகத் தங்கும். எங்கள் ஆபீசில் ஒவ்வொரு காசையும் இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, தனித்தனிச் சீட்டில் எழுதி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. அந்த இன்னொருவர் என் மாப்பிள்ளை. என் ஒரே பெண்ணின் புருஷன். பெட்டியை மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான்.

நல்ல மனுஷர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு காசு வந்தது. 'தேய்த்து நிறமேற்றியது' என்று எழுதினேன். அடுத்த வாரம் அதன் சொந்தக்காரர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கைபடாததுன்னு நீங்களே எழுதிட்டீங்க, இனிமே யார் என்ன சொல்ல முடியும்" என்றார். மேலாளர் அலமாரியிலிருந்து பழைய சீட்டுக் கட்டுகளை எடுத்தேன். நான் பேனாவை அழுத்தி எழுதுகிறவன். சீட்டின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டும். இரண்டு வருஷச் சீட்டுகளில் பாதிக்கு மேல் வழவழவென்று இருந்தன. என் கையெழுத்தைப் போலவே வேறு யாரோ எழுதி வைத்த சீட்டுகள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மாப்பிள்ளையிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வருஷமாவே உங்களுக்கு நிறம் சரியாத் தெரியல. தப்புன்னு தெரிஞ்ச சீட்டை மட்டும்தான் மாத்தினேன். டாக்டர்கிட்ட காட்டிடலாம், நானும் கூட வரேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரக்கப்பட்டார் சார், என்மேல்.

பிறகு காசுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இரும்பு அறைக்குள் போனார். செம்புக்கு ஈரக்காற்று ஆகாது. அதற்காகக் காற்றே புகாதபடி கட்டிய அறை, ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரிசு. கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன். அடுத்த மூன்று நாளும் ஆபீஸ் விடுமுறை என்பது எனக்குத் தெரியும்.

உள்ளே பேசினால் வெளியே கேட்காது, தட்டினால் கேட்கும். மேஜையில் இன்னும் பதினொரு காசு பாக்கி இருந்தது. வேலையை அரைகுறையாக விட்டுப் போய் எனக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்து பார்த்தேன். எட்டாவது காசு வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தார். மிச்சம் மூன்றையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். "அவர் இன்னும் வரலையேப்பா" என்று பெண் போன் பண்ணினாள். "வெளியூர்ல ஒரு காசு பார்க்க அனுப்பியிருக்கேம்மா. நீ சாப்பிட்டுப் படு" என்றேன்.

அந்தப் பதினொன்றுக்கு நான் எழுதிய சீட்டில் ஒன்பது தப்பு என்று நீங்கள் கூட்டிவந்த நிபுணர் சொன்னாராமே. அவரையும் யாராவது சரிக்கட்டியிருப்பார்கள்.

நேற்று பெண் இங்கே வந்தாள். "நான்தான்ப்பா மாத்தச் சொன்னேன். நாலு பேர் முன்னாடி உங்க மரியாதை போயிடக் கூடாதேன்னு. அவர் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னார்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். என் பேரைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். நீங்களே படித்துவிடுங்கள் சார், நம்புகிறேன். போட வேண்டிய இடத்தில் மட்டும் என் விரலைப் பிடித்து வையுங்கள். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, உங்கள் அறையில் விளக்குதான் சரியில்லை.