ஒம்பது நிமிஷ ஆறு

– இல்ல தம்பி, அந்த வரியை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நீங்க மறுபடி முதல்லேர்ந்து வாசிச்சாலும் சரி.

– மேடம், ஒரே வரிதான். 'என் படகை நான் ஓட்டல, ஒரு புரோகிராமை வச்சு ஓட்டினேன், இனிமே செய்ய மாட்டேன்.' இதை நீங்க வாயால சொன்னா போதும், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது. உங்க ஓடக்காரி உடனே கேமுக்குத் திரும்பி வந்துடுவா.

– செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லச் சொல்றீங்க.

– சொல்லலைன்னா நாலு மணிக்கு ஓடக்காரியை நான் அழிச்சாகணும். மூணு வருஷமா நீங்க விளையாடி வளர்த்த ஆளு. அப்புறம் எங்க கேம்ல அப்படி ஒருத்தி இருந்த சுவடே இருக்காது. விதிமுறைப்படி...

– இப்ப மணி என்ன?

– மூணு நாப்பது.

– எனக்கும் நாலு வரைக்கும்தான் பிரேக். இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் ஓட்டுறவ நான். துணி மாத்துற ரூம்ல, வாளிங்களுக்கு நடுவுல நின்னு பேசிட்டிருக்கேன். அதனால இழுக்காம சொல்லுங்க. என்னை மெஷினுன்னு யாரு சொன்னது?

– எங்க கம்ப்யூட்டர்தான் மேடம். மூணு வருஷத்துல பதினோராயிரம் நடை. அதே ஆறு, அதே துறை, ஒரு நடைக்கு ஒம்பது நிமிஷம். ஒரு சண்டை போடல, ஒரு புதையல் எடுக்கல. கூட சேர்ந்தவங்க எல்லாம் லெவல் தொண்ணூறைத் தாண்டிட்டாங்க, நீங்க இன்னும் ரெண்டுலயே நிக்கிறீங்க. மனுஷங்க யாரும் இப்படி விளையாட மாட்டாங்க.

– அதை முடிவு பண்ண உங்க கம்ப்யூட்டர் யாரு? உங்க விளம்பரத்துல என்ன போட்டிருந்தீங்க? 'இங்கே நீங்கள் யாராகவும் இருக்கலாம்'னு கொட்டை எழுத்துல. அதை நம்பித்தான் உள்ள வந்தேன். ஓடக்காரியா இருக்கேன். இப்ப வந்து நீ ஏன் வாள் தூக்கலன்னு கேட்டா என்ன அர்த்தம்?

– தப்பா நினைக்காதீங்க, எனக்கே புரியலைன்னுதான் கேக்குறேன். டிராகன் மேல பறக்கலாம், கோட்டை பிடிக்கலாம், மந்திரம் போடலாம். பகல் பூரா லிஃப்ட்ல ஆள் ஏத்தி இறக்கிட்டு, வீட்டுக்குப் போயும் அதே வேலையா?

– என் வீட்டுக்காரரும் இதைத்தான் கேட்டுச் சிரிப்பாரு. கேளுங்க தம்பி. லிஃப்ட்ல ஏறுறவங்க 'ஒம்பது'ம்பாங்க, 'பதினாலு'ம்பாங்க. என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாங்க, பட்டனைப் பார்த்துச் சொல்வாங்க. அவங்க சொல்ற மாடி, அவங்க அவசரம். பதிமூணு வருஷத்துல என் குரல் எப்படி இருக்கும்னு அந்தக் கட்டடத்துல பாதிப் பேருக்குத் தெரியாது. ஆத்துல அந்தக் கதை நடக்காது. விளையாட வர்ற மத்தவங்க என் படகுல ஏறினா ஒம்பது நிமிஷம் உக்காந்தே ஆகணும். மொதல் ரெண்டு நிமிஷம் முறைப்பா இருப்பாங்க. அப்புறம் 'அக்கா, இந்த ஆறு எங்க போகுது'ன்னு மெதுவா ஆரம்பிப்பாங்க. அந்தக் கரை வர்றதுக்குள்ள மாமியார் தொல்லை வரைக்கும் கொட்டிடுவாங்க. லிஃப்ட் என் வயித்துக்கு, தம்பி. படகு நானா எடுத்துக்கிட்ட வேலை. ரெண்டும் ஒண்ணாயிடுமா?

– அந்தப் படகு எப்படி வந்துச்சு உங்ககிட்ட? கேம்ல எந்தக் கடையிலயும் வாங்கினதா இல்லையே.

– வாங்கினாத்தானே இருக்கும். நாணல் நடுவுல ஓட்டையா கிடந்துச்சு. உங்க ஆளுங்க அழகுக்குப் போட்டு வச்சது. சும்மா இருக்கட்டுமேன்னு ஒரு பலகையைக் கொண்டுபோய் ஓட்டை மேல வச்சேன், பொருந்திக்கிச்சு. தள்ளினேன், தண்ணியில நகர்ந்துச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இதைச் செய்னு யாரும் அம்புக்குறி காட்டல, செஞ்சு முடிச்சதும் சபாஷ்னு மணி அடிக்கல. நானா ஒண்ணு நினைச்சேன், அந்த உலகம் அதுக்கு இடம் குடுத்துச்சு. அதுக்கப்புறம் உங்க டிராகன் எனக்கு எதுக்கு?

– மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். விதிமுறையில இல்ல, எனக்காக. உங்க ரெக்கார்டுல ஒரு நடை மட்டும் நாப்பத்தோரு நிமிஷம்னு இருக்கு. படகு நடு ஆத்துல வட்டம் வட்டமா சுத்தியிருக்கு. அது என்ன?

– அதுவா. அன்னிக்கு ஏறினவரு இரும்புக் கவசம், முதுகுல ரெண்டு வாள், பெரிய லெவல் ஆளு. நடு ஆத்துல வந்ததும், 'எங்க அம்மாவை அடக்கம் பண்ணிட்டு இப்பதான் வந்தேன், வீடு பூரா சொந்தக்காரங்க, தனியா உக்காந்து அழ ஒரு இடம் இல்ல'ன்னு எழுதினாரு. கரையில இறக்கிவிட எனக்கு மனசு வரல. சுத்திட்டே இருந்தேன்.

– என்ன பேசினீங்க?

– ஒண்ணும் பேசல. துடுப்பு சத்தம் மட்டும்தான். கடைசியில 'போதும் அக்கா, இறக்கிவிடுங்க'ன்னாரு. இதை எந்த மெஷின் செஞ்சுதாம்?

– மெஷின் செய்யாது.

– அப்ப அதை எழுதுங்க.

– நேத்தே எழுதி மேனேஜர்கிட்ட காட்டினேன் மேடம். படிச்சாரு. படிச்சிட்டு, அந்த ஒரு வரியை உங்க வாயால வாங்கிடுன்னாரு.

– நான் மனுஷின்னு தெரிஞ்சுமா? ஏன்?

– கால் ரெக்கார்ட் ஆகுது மேடம்.

– ஆகட்டுமே. என் பேச்சு மட்டும்தான் பதிவாகணுமா?

– ...சரிக்கா. ஆகட்டும். ஆத்தங்கரையில ஒரு கதவு நிக்குதுல்ல?

– ரெண்டு மாசம் முன்னாடி நட்டாங்களே, நீல வெளிச்சத்தோட. உள்ள கால் வச்சா அடுத்த நொடி பட்டணத்துல நிக்கலாம். கல்யாண மண்டப வாசல் மாதிரி ஜோடிச்சு வச்சிருக்காங்க.

– அதேதான். மேனேஜரோட திட்டம் அது. ஒம்பது நிமிஷம் சும்மா உக்காந்தா புது ஆளுங்க சலிச்சு ஓடிடுவாங்கன்னு மேல இருக்கிறவங்ககிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொல்லி வச்சாரு. ஒருத்தரும் அதுல நுழையல. உங்க படகுக்கு வரிசையில நிக்கிறாங்க. கதவு தோத்துப் போச்சுன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. அதனாலதான் நீங்க மெஷின். இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த வரியைச் சொன்னா ஓடக்காரி வருவா, படகு வராது. பதிலுக்குக் குதிரை குடுப்பாங்க.

– குதிரையை உங்க மேனேஜரே வச்சு மேய்க்கட்டும்.

– நல்லா யோசிச்சுக்கோங்கக்கா. மணி மூணு அம்பத்தாறு. என் முன்னாடி ஸ்கிரீன்ல ஒரு பெட்டி திறந்திருக்கு. ஆளோ, மரமோ, கட்டடமோ, கேம்லேர்ந்து எதைத் தூக்கணுமோ அது பேரை அதுல போட்டு அழுத்தணும். ஒரு தடவை அழுத்தினா திரும்ப வராது. மூணு வருஷம்க்கா.

– மூணு வருஷம்தான். வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். நீங்க அவளைப் பூட்டி வச்ச நாள்லேர்ந்து சாப்பாடு இறங்கல. அதுக்காக? பதினோராயிரம் தடவை இந்தக் கையால போட்ட துடுப்பை மெஷின் போட்டுச்சுன்னு சொல்லவா? அந்த மனுஷன் ஒரு மெஷின் முன்னாடி உக்காந்து அழுதாருன்னு ஆக்கவா? அது என்னால முடியாது தம்பி. அழிச்சுக்கோங்க. நாளைக்கே வேற பேர்ல வருவேன். படகு இல்லன்னா நாலு கட்டையைக் கட்டி மிதக்கவிடுவேன். அதையும் பிடுங்கினா ஆளுங்களை முதுகுல ஏத்திக்கிட்டு நீந்துவேன். எத்தனை ஓடக்காரியை அழிப்பீங்கன்னு பார்த்துடலாம்.

– மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னையே பார்க்கிறாரு.

– பார்க்கட்டும். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. சொன்ன வேலையைச் செய்யுறீங்க. நானும் பகல்ல சொன்ன மாடிக்குப் போறவதானே.

– அதைச் சொல்லாதீங்கக்கா. அதைத்தான் கேக்க முடியல.

– சரி விடுங்க. மணி நாலாச்சு, கீழ ஆளுங்க கதவைத் தட்ட ஆரம்பிச்சிடுவாங்க. பேரைப் போட்டாச்சா?

– போட்டுட்டேன். அழுத்தியும் ஆச்சு.

– ம். போகட்டும். நல்லா இருங்க தம்பி, நான் வைக்கிறேன்.

– வைக்காதீங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வந்து படகை எடுங்க. பூட்டைத் திறந்துட்டேன். நான் அழிச்சது உங்களை இல்லக்கா. அந்தக் கதவை.