இரைச்சல் இல்லாத ரேடியோ

எந்தப் பொருள் வாங்கினாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன், ஐயா. இப்போதெல்லாம் திருகாணியை ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். காசு கொடுத்தவன் திறந்து பார்த்துவிடுவானாம். என் பொருளை நான் திறக்கக் கூடாதென்றால் அதென்ன வியாபாரம்?

நான் கிடங்கில் மூட்டை தூக்கியவன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே தலை நரைத்த பிறகுதான். சொல்லிக் கொடுத்தவள் என் மனைவி. எழுத்து வந்ததும் ஆசை அதோடு நிற்கவில்லை. கிடங்கில் கழித்துப் போட்ட கணினியை வீட்டுக்குத் தூக்கி வந்து நிரல் எழுதப் பழகினேன். மூட்டை இடுப்பை ஒடிக்கும், சொன்னதைக் கேட்காது. கணினி கேட்கும். கிடங்கு விளக்குகளெல்லாம் இன்று என் நிரலில்தான் எரிந்து அணைகின்றன. என்னை மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

எனக்குப் பொழுதுபோக்கு ரேடியோ. சிற்றலையில் தூரத்து நிலையங்களைப் பிடிப்பது. பாஷை புரியாது. புரியாததுதான் சுகம். அந்தக் குரல்களில் ஒன்றுகூட என்னை வேலை ஏவாது.

மாமனார் எங்களோடு வந்து தங்கினார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். நுரையீரல் கெட்டுப்போய், பக்கத்து அறையில் மூச்சு மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிப் படுத்திருப்பார். அந்த மெஷின் ஓடினால் என் ரேடியோவில் ஒரே கொர்ர்ர்.

"மாப்பிள்ளை, அங்க என்ன மாவு அரைக்கிறீங்களா?"

"உங்க மெஷின்தான் மாமா அரைக்குது."

"அப்ப நான் மூச்ச நிறுத்திக்கட்டுமா?" என்று சிரிப்பார். சிரித்த பாவத்துக்கு வெகுநேரம் இருமுவார்.

மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டேன். காது புளிக்கப் புளிக்க ஒரே மெட்டைப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"சார், நோயாளிக்குக் காத்து ஒழுங்கா போகுதா?"

"போகுதும்மா."

"அப்ப மெஷின்ல கோளாறு இல்லையே சார்."

வாங்கியவன் குறையைக் கேட்க நாதியில்லை. ரேடியோ, மெஷின் இரண்டின் மின் இணைப்பையும் என் கணினியோடு கோத்து நானே சரிசெய்துகொண்டேன். ரேடியோவைப் போட்டால் மெஷினுக்கு மின்சாரம் நிற்கும், அணைத்தால் திரும்பி வரும். நாலே வரி நிரல். மின்சாரம் நின்றால் மெஷின் வீல் வீலென்று கத்தும் என்பதால், அடியைத் திறந்து அந்தக் கத்தலுக்குப் போகிற ஒயரையும் வெட்டிவிட்டேன்.

சோதிக்காமல் எதையும் ஓடவிடுகிற ஆள் இல்லை நான். முதல் நாள் ஒரு பாட்டு நேரம். தாங்கினார். அடுத்த நாள் செய்தி முழுவதும். கதவோரம் நின்று பார்த்தேன். உதடு கொஞ்சம் நீலம், வேறொன்றும் இல்லை.

"மாப்பிள்ளை... காத்து வரல."

"வரும் மாமா, செய்தி முடியட்டும்."

முடிந்ததும் வந்தது. சொன்ன சொல் தவறவில்லை.

மனைவிக்குச் சாயங்கால வேலை. திரும்பி வந்ததும் கேட்பாள்: "அப்பா ஏங்க இப்படி வாடிப்போய் கிடக்காரு?"

"வயசாச்சுல்ல," என்பேன். பொய்யில்லையே, வயசும் ஆகியிருந்தது.

போன வியாழக்கிழமை, நெடுநாளாகத் தேடிய நிலையம் ஒன்று மாட்டியது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பெண் பாடுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல. ஒரு பிசிறு இல்லை. பாட்டுக்குப் பின் பாட்டு. ரசிக்கிறவன் கடிகாரம் பார்ப்பானா?

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. நிரலில் பிழை இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரேடியோவை அணைத்த மறுகணமே மெஷின் ஓடத் தொடங்கியது, அவருக்குத்தான் அது தேவைப்படவில்லை. ஆனால் நான் கல்நெஞ்சுக்காரன் என்று என் மனைவி சொன்னதை மட்டும் எழுதாதீர்கள். பாட்டு நடக்கும்போது மாமா சுவரைத் தட்டினார், முதலில் வேகமாக, அப்புறம் மெதுமெதுவாக. நல்ல தாளம். அவருக்கும் கேட்கட்டுமே என்று நான்தான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.