மாமாவின் கம்பளிக் குல்லா

கொடைக்கானல் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் சாக்கு சுற்றிய மார்பளவு ஃபைபர் சிலை. சாக்கை விலக்கிப் பார்த்தார் மனைவி.

"என்னங்க, மாமா தலை இம்புட்டுச் சிறுசா இருக்கு?"

"சிற்பிகிட்ட ரெண்டடின்னுதான் சொன்னேன்."

"பீடத்தோடயா, பீடம் இல்லாமயா?"

"அதக் கேக்கலையே."

"போச்சு! மாமா குல்லாவச் சிலைக்குப் போடணும்னு அத்தை ஆசையா இருக்காங்க. மூக்குவரைக்கும் எறங்கப்போகுது. அளவுக்குன்னு குல்லாவக் கொடுத்தாங்களே, அவருகிட்டக் காட்டுனீங்களா?"

"பையிலயே கெடக்கு."

"இப்பவாவது போட்டுப் பாருங்க."

போட்டார். சிலையின் புருவத்துக்கு மேலே கச்சிதமாக நின்றது. இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

"குல்லா இல்லாம மாமாவ நான் பார்த்ததே இல்லைங்க. அதான் தலை சிறுசாத் தெரிஞ்சிருக்கு. கழட்டாதீங்க, மேல போகப்போகக் குளிரும்."