சுமந்த புத்தகம், படித்த புத்தகம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், கிள்ளான் போகும் ரயிலில் மற்றப் பெட்டிகளெல்லாம் பிதுங்கிக்கொண்டிருக்க, ஒரு பெட்டியில் மட்டும் தாராளமாக இடம் இருந்தது. இதைக் கண்டுபிடிக்கத் தனி மூளை வேண்டும் என்று என்னையே மெச்சியபடி உட்கார்ந்தேன்.

எதிரே இரண்டு இளம்பெண்கள். ஒருத்தியின் மடியில் தலையணைப் பருமனில் ஒரு மின்காந்தவியல் புத்தகம்.

“இந்த புக்க நான் படிக்கல சுபா, சுமந்தேன். அவ்ளோதான்,” என்றாள் அவள்.

“நாளைக்கு ஃபிசிக்ஸ் மாஸ்டர்ஸ் இன்டர்வியூல, எந்த புக்குல படிச்சேன்னு ப்ரொபசர் கேப்பாருலா. என்ன சொல்லுவ?”

“இதத்தான். நான் படிச்ச சின்ன புக்க சொன்னா சிரிப்பாரு. சீட் கிடைக்காதுடி.”

“சரி, இதுலேர்ந்து ஒரு கணக்கு போடச் சொன்னா?”

“ரெண்டாவது சாப்டர்லயே நின்னுட்டேனே.”

“சின்ன புக்குல?”

“எல்லா கணக்கும் போட்டேன். தப்பா வந்தத மறுபடியும் போட்டேன்.”

“அப்புறம் என்னலா?”

அவள் மடியிலிருந்த புத்தகத்தை ஒருமுறை புரட்டினாள். சுபாங் நிலையம் தாண்டியதும் தடித்த புத்தகத்தைத் தூக்கித் தோழியின் மடியில் வைத்தாள்.

“நீயே வச்சுக்க. நான் சின்னதத்தான் சொல்லப் போறேன். அதுலேர்ந்து எத வேணும்னாலும் கேக்கட்டும்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சும்மா இருக்கத் தெரிந்த வாயா இது?

“சபாஷ்மா! நேர்மைதான் முக்கியம்,” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப எந்திரிங்க அங்கிள், இது லேடீஸ் கோச்.”